அமெரிக்காவுக்கு மொத்தத் தபாலில் போகும் கேட்டலாக்: அளவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது. கோவையில் ஒரு பிரீபிரஸ் (அச்சுக்கு முந்தைய வேலைகள் செய்யும்) நிறுவனத்தில் லேஅவுட் செய்கிறீர்கள். அமெரிக்காவில் தோட்ட விதை விற்கும் ஒரு சிறு நிறுவனம் 48 பக்கக் கேட்டலாக் கேட்டிருக்கிறது. 22,000 வீடுகளுக்கு மொத்தத் தபாலில் அனுப்பப் போகிறார்கள். 10-க்கு 10 அங்குலச் சதுரம், உள்ளே 80 பவுண்டு தாள், மேலே 80 பவுண்டு அட்டை, முடிந்தால் முன்னட்டையில் ஒரு விதைப் பொட்டலமும் ஒட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அங்கே அச்சாகி அங்கேயே தபாலில் சேரும். வடிவமைப்பு மட்டும் உங்களுடையது. “தபால் விதிக்கு ஏற்ற அளவு எது, எதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் விஸ்கான்சின் மாநிலத்தில் கேட்டலாக் அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: முன்னட்டையிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் புத்தகம் எந்தத் தபால் வகையில் போகும், எத்தனை அவுன்ஸ் (ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம்) இருக்கும் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் பக்க அளவைத் திறக்க வேண்டும். இப்படி அனுப்பும் கேட்டலாக்குக்குப் பல சமயம் அச்சுக்கூலியைவிடத் தபால் செலவுதான் அதிகம். தாளில் மிச்சம் பிடிப்பது தெரிந்த கணக்கு. தபாலில் மிச்சம் பிடிப்பது வடிவமைப்பாளர் கையில்தான் இருக்கிறது, ஆனால் அவரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

அமெரிக்கத் தபால் துறையில் இதற்கான வகைக்குப் பெயர் ‘மார்க்கெட்டிங் மெயில்’. 2017 வரை அதை ‘ஸ்டாண்டர்ட் மெயில்’ என்றார்கள். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 200 பிரதி அல்லது 50 பவுண்டு எடை இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியும் 16 அவுன்ஸுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளருக்கு இந்த இரண்டிலும் சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. உருவத்தை வைத்து ஒவ்வொரு தபாலும் லெட்டர், ஃபிளாட், பார்சல் என்று மூன்றாகப் பிரியும். கட்டணம் அதைப் பொறுத்துத்தான்.

லெட்டர் என்றால் உயரம் 6.125 அங்குலம், நீளம் 11.5 அங்குலம், தடிமன் கால் அங்குலம். இந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்றைத் தாண்டினால் ஃபிளாட். ஃபிளாட்டின் உச்சவரம்பு 12-க்கு 15 அங்குலம், முக்கால் அங்குலத் தடிமன். அதையும் தாண்டினாலோ, வளையாமல் விறைப்பாக இருந்தாலோ, ஓரிடத்தில் மேடு தட்டினாலோ பார்சல் கட்டணத்துக்குப் போய்விடும். லெட்டருக்கும் ஃபிளாட்டுக்கும் கட்டணத்தில் கணிசமான வித்தியாசம் உண்டு. ஃபிளாட்டிலிருந்து பார்சலுக்குப் போனால் அந்தத் திட்டமே கைவிட வேண்டியதுதான்.

அப்படிப் பார்த்தால் 10-க்கு 10 சதுரம் தாராளமாக ஃபிளாட். சட்டப்படி தடை எதுவும் இல்லை. “சதுரம் தபாலில் போகாது” என்று யாராவது சொன்னால் அது லெட்டர் வகைக்கான பேச்சு. அங்கேதான் நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3-க்கும் 2.5-க்கும் இடையே வர வேண்டும் என்ற விதி உண்டு. உங்கள் சதுரத்துக்குப் பிரச்சினை எடையில்.

எடைக்குப் போகுமுன் தாள் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்) பேசிப் பழகியவர்கள் இங்கேதான் முதலில் தடுக்கி விழுவார்கள். அமெரிக்காவில் ‘80 பவுண்டு’ என்றால் ஒரே தாள் இல்லை. 500 தாள்களின் எடையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த 500 தாளின் அளவு வகைக்கு வகை மாறும். உள்பக்கத் தாளுக்கு 25-க்கு 38 அங்குலம், அட்டைக்கு 20-க்கு 26 அங்குலம். அதனால் 80 பவுண்டு உள்தாள் என்பது ஏறக்குறைய 118 ஜிஎஸ்எம். அதே 80 பவுண்டு அட்டை 216 ஜிஎஸ்எம். உள்தாளுக்குப் பவுண்டை 1.48-ஆலும், அட்டைக்கு 2.7-ஆலும் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் உங்கள் மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள். மின்னஞ்சலில் ‘80 பவுண்டு’ என்று மட்டும் வந்தால் உள்தாளா, அட்டையா என்று கேட்காமல் கணக்குப் போடாதீர்கள்.

சரி, இப்போது தராசு. 48 பக்கம் என்றால் 24 இலை. 10 அங்குலச் சதுரத்தில் ஒரு இலையின் பரப்பு 0.0645 சதுர மீட்டர். அட்டைக்கு இரண்டு இலை 216 ஜிஎஸ்எம், உள்ளே 22 இலை 118 ஜிஎஸ்எம். பெருக்கிக் கூட்டினால் 195 கிராம், அதாவது கிட்டத்தட்ட 6.9 அவுன்ஸ்.

ஃபிளாட் கட்டணத்தில் 4 அவுன்ஸ் வரை எடைக்குத் தனிக் காசு கிடையாது. ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். இந்த எல்லை முன்பு 3.3 அவுன்ஸாக இருந்தது, 2017 ஜனவரியில் 4 ஆக்கினார்கள். அதற்கு மேலே போனால் பிரதிக்கு ஒரு தொகை, எடைக்குப் பவுண்டுக்கு இவ்வளவு என்று இரண்டும் சேர்ந்து வரும். உங்கள் சதுரம் ஒவ்வொரு பிரதியிலும் 2.9 அவுன்ஸ் அதிகம். 22,000 பிரதிக்குப் பெருக்கிப் பாருங்கள்: 4,000 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, நம் கணக்கில் சுமார் 1,800 கிலோ. அவ்வளவு தாளைக் காசு கொடுத்து வாங்கி, அச்சடித்து, பிறகு அதற்கு எடைக்காசும் கட்டி அனுப்புகிறார்கள். வாடிக்கையாளரிடம் “சதுரம் வேண்டாம்” என்று சொல்வதைவிட இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அவர்களே இறங்கி வருவார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம். ஃபிளாட்டில் 4 அவுன்ஸ் என்பது பள்ளம் இல்லை, சரிவின் தொடக்கம். 4.05 அவுன்ஸ் வந்துவிட்டது என்றால் குடி மூழ்கிப்போகாது. அங்கிருந்து ஒவ்வொரு கிராமும் கணக்கில் ஏறத் தொடங்கும், அவ்வளவுதான். அதே சமயம் மறுபக்கத்தையும் பாருங்கள். 2.5 அவுன்ஸ் புத்தகத்துக்கும் 3.9 அவுன்ஸ் புத்தகத்துக்கும் ஒரே கட்டணம். எடையைக் குறைத்துவிட்டோம் என்று 2.5-இல் நிற்பவர்கள், ஏற்கெனவே காசு கட்டிய இடத்தைக் காலியாக விடுகிறார்கள். அந்த இடத்தில் எட்டுப் பக்கம் கூடுதலாகப் போடலாம், அல்லது அட்டையைத் தடிமனாக்கலாம். நான் எப்போதும் 3.7 முதல் 3.8 அவுன்ஸ் என்று குறிவைப்பேன். மீதியை மைக்கும் ஈரத்துக்கும், தாள் ஆலையில் வரும் ஏற்ற இறக்கத்துக்கும் விட்டுவைப்பேன்.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு 8.25-க்கு 10.75 அங்குலம். அமெரிக்காவில் தாளை உருளையிலிருந்து ஓட்டி அச்சடிக்கும் வெப் ஆஃப்செட் இயந்திரங்களில் வழக்கமாக வரும் பத்திரிகை அளவு 8.375-க்கு 10.875, அதில் இரண்டு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் குறைத்தது இது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் எடை இரண்டரை சதவீதம் குறையும். உள்ளே 50 பவுண்டு தாள், அதாவது 74 ஜிஎஸ்எம். அட்டைக்கு 80 பவுண்டு உள்தாளையே போடுங்கள், 118 ஜிஎஸ்எம். மொத்தம் 106.7 கிராம், 3.76 அவுன்ஸ். 4 அவுன்ஸ் என்பது 113.4 கிராம். நடுவில் ஆறரை கிராம் இடைவெளி இருக்கிறது. அட்டையின் நாலு பக்கம் வேறு தாள் என்பதால் உள்ளே 44 பக்கம்; அதை அச்சில் எப்படிப் பாரங்களாக (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடியும் பக்கத் தொகுதிகளாக) பிரிப்பார்கள் என்று அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

74 ஜிஎஸ்எம் மெல்லியதாயிற்றே, பின்பக்கப் படம் முன்னால் தெரியுமே என்று கவலைப்படுவீர்கள். நியாயமான கவலைதான். தாளின் எடையை மட்டும் பார்க்காமல் ஒளி ஊடுருவாத் தன்மை எவ்வளவு என்றும் அச்சகத்தில் கேளுங்கள். ஒரே எடையில் இரண்டு தாள் வேறு வேறாக இருக்கும். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: முழுக் கறுப்புப் பின்னணிக்கு மறுபக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் சின்ன எழுத்துப் பட்டியல் வராமல் அடுக்குங்கள். தக்காளிப் படத்துக்குப் பின்னால் தக்காளிப் படம் வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஏ4 அளவில் செய்து கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கோப்பு திறக்கும்போதே ஏ4 வந்து நிற்கும், கை அப்படியே போய்விடும். 8.375-க்கு 10.875 அளவோடு ஒப்பிட்டால் ஏ4 ஆறு சதவீதம் பரப்பு அதிகம், உயரமும் முக்கால் அங்குலத்துக்கு மேல் கூடுதல். அங்கேயுள்ள இயந்திரங்களில் கழிவு கூடும்.

வழக்கமான அளவில் இருப்பதற்கு இன்னொரு பலன் உண்டு, அதை வாடிக்கையாளருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஒரே தபால்காரர் போகும் தடத்துக்குக் குறைந்தது 10 பிரதி சேர்ந்தால் ‘கேரியர் ரூட்’ என்ற மலிவான கட்டணம் கிடைக்கும். 22,000 முகவரி அமெரிக்கா முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஒரு தடத்தில் பத்து சேர்வது அபூர்வம். அதனால் பெரிய அச்சகங்கள் பல நிறுவனங்களின் கேட்டலாக்கை ஒன்றாகக் கலந்து, முகவரி வரிசைப்படி அடுக்கி அனுப்புகின்றன. இதற்கு ‘கோ-மெயில்’ என்று பெயர். உங்கள் விதைக் கேட்டலாக்கும் வேறொருவருடைய சட்டைக் கேட்டலாக்கும் ஒரே கட்டில் போகும். ஆனால் அந்த இயந்திரத்தில் ஏற்றிக்கொள்ளும் அளவு வரம்பு ஒவ்வோர் அச்சகத்திலும் வேறு. வினோதமான அளவாக இருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அச்சகம் முடிவாகிவிட்டதென்றால் “கோ-மெயிலுக்கு எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை எடுப்பீர்கள்?” என்ற கேள்வியை முதல் நாளே அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது லெட்டர் கட்டணத்திலேயே அனுப்ப முடியாதா என்ற கேள்வி வரும். வரத்தான் வேண்டும். 2007 மே மாதம் ஃபிளாட் கட்டணம் கடுமையாக ஏறியபோது பல கேட்டலாக் நிறுவனங்கள் ஒடுக்கமான உயரமான வடிவத்துக்கு மாறின. ‘ஸ்லிம் ஜிம்’ என்று பெயர். அவை தபால் இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்ததால் 2009 செப்டம்பரில் விதியை இறுக்கினார்கள். இப்போது புத்தக வடிவ லெட்டர் என்றால் 6-க்கு 10.5 அங்குலத்துக்குள், 3 அவுன்ஸுக்குள் இருக்க வேண்டும். ஒன்றரை அங்குல ஒட்டுவில்லை மூன்று ஒட்டி மூட வேண்டும். இந்த 3 அவுன்ஸ், ஃபிளாட்டின் 4 அவுன்ஸ் போலச் சரிவு இல்லை. இது பள்ளமேதான். ஒரு கிராம் தாண்டினாலும் அந்த மலிவுக் கட்டணம் போய்விடும்.

உங்கள் 48 பக்கத்தை 6-க்கு 10.5-இல் 74 ஜிஎஸ்எம் தாளில் போட்டால் 72 கிராம். 3 அவுன்ஸ் என்பது 85 கிராம். 13 கிராம் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். அட்டையை 118 ஜிஎஸ்எம் ஆக்கினால் மூன்றரை கிராம் போகும். ஆர்டர் உறை ஒன்று நடுவில் வைத்துத் தைத்தால் ஆறு கிராம் போகும். மைக்கும் ஒட்டுவில்லைக்கும் ஒன்றிரண்டு கிராம். தாள் ஆலை 3 சதவீதம் கனமாக அனுப்பினால் இன்னும் இரண்டு கிராம். முடிந்தது.

இது நான் கண்ணால் பார்த்த கணக்கு. ஒரு தடவை இதே போன்ற ஸ்லிம் ஜிம், 30,000 பிரதிக்கு மேல். எடைக்காகச் செய்த டம்மியில் (அச்சடிக்காத வெற்று மாதிரிப் புத்தகத்தில்) ஆர்டர் உறையை வைக்க மறந்துவிட்டோம். தையல் பிரிவில் முதல் ஐம்பது பிரதி இறங்கியதும் பழக்கத்தில் பத்தை எடுத்துத் தராசில் வைத்தேன். பத்துக்கு 30.4 அவுன்ஸ். ஒன்றுக்கு 3.04. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். உறையை எடுக்க முடியாது. விலைப்பட்டியலில் ஒவ்வொரு பக்கமும் அதைக் குறிப்பிட்டிருந்தது. கடைசியில் வெட்டும் இடத்தில் அகலத்தை 6-இலிருந்து 5.875 ஆக்கினோம். எட்டில் ஒரு அங்குலம். எடை 2.98-க்கு வந்தது. அந்த வேலை தப்பியதற்குக் காரணம், வடிவமைத்த பெண் வெளி ஓரத்தில் அரை அங்குலம் காலியாக விட்டிருந்தார், பக்க எண்ணைக்கூட உள்ளே தள்ளி வைத்திருந்தார். ஓரத்தை ஒட்டி எழுத்து போட்டிருந்தால் பக்க எண்கள் பாதி பாதியாக வெட்டுப்பட்டிருக்கும். அதிலிருந்து எந்தக் கேட்டலாக்கானாலும் வெளி ஓரத்தில் எழுத்தைக் குறைந்தது முக்கால் அங்குலம் உள்ளே வைக்கச் சொல்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

விதைக் கேட்டலாக்குக்கு ஸ்லிம் ஜிம் சரிவருமா? என் அபிப்பிராயம், வேண்டாம். விதைக் கேட்டலாக் வாங்குபவர்கள் அதைக் குளிர்காலம் முழுக்க வைத்துப் படிக்கிறவர்கள். மடித்துவைப்பார்கள், பேனாவால் வட்டம் போடுவார்கள், ஓரத்தில் “இரண்டு பாத்தி” என்று எழுதுவார்கள். ஒட்டுவில்லையைப் பிரிக்கும்போது அட்டை கிழிந்த புத்தகம் அந்த வாழ்க்கைக்குத் தாங்காது. ஆறு அங்குல அகலத்தில் செடியின் படமும் விதைக்கும் பருவமும் விலையும் ஒரே வரிசையில் வருவதும் கஷ்டம். புது வாடிக்கையாளருக்கு அனுப்பும் 16 அல்லது 24 பக்கச் சின்னப் பதிப்பு என்றால் ஸ்லிம் ஜிம் அருமையான வடிவம். அதையும் ஒரு யோசனையாக முன்வையுங்கள்.

இதோடு தொடர்புள்ள ஒரு கண்ணி: 5.5-க்கு 8.5 அங்குலம், அமெரிக்காவில் டைஜஸ்ட் அளவு. நம் ஏ5 போல. ஃபிளாட் என்று நினைத்து ஒட்டுவில்லை இல்லாமல் செய்துவிடுவார்கள். ஆனால் கால் அங்குலத்துக்குக் குறைவான தடிமனில் அது லெட்டர் அளவு. மூடாமல் போனால் இயந்திரத்தில் ஓட்ட முடியாத லெட்டர் என்று கூடுதல் கட்டணம் வரும்.

அடுத்து, பின்னட்டை. இதில்தான் உங்கள் கைவேலை அதிகம். கேட்டலாக்கைத் திருப்பிப் பின்னட்டை உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். முதுகு வலப்பக்கம் இருக்கும். தபால் துறையும் அப்படித்தான் பார்க்கிறது: தைத்த ஓரம் வலப்பக்கம் நிற்க, மேலே வரும் குறுகிய ஓரம்தான் ‘தலை’. முகவரி அந்தத் தலைப்பக்கப் பாதிக்குள் இருக்க வேண்டும். நேராக எழுதலாம், பக்கவாட்டில் திருப்பி எழுதலாம், தலைகீழாக மட்டும் கூடாது. 2009 மார்ச் 29 முதல் இது விதி. அதற்கு முன்பு வந்த கேட்டலாக்குகளில் முகவரி பின்னட்டையின் அடியில் இருப்பதைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் பழைய பிரதியை மாதிரியாக அனுப்பினால் அதை அப்படியே காப்பியடித்துவிடாதீர்கள். முன்னட்டையில் முகவரி போடவும் அனுமதி உண்டு. ஆனால் அங்கே முதுகு இடப்பக்கம்; அதை வலப்பக்கம் கொண்டுவரப் புத்தகத்தையே தலைகீழாக்க வேண்டும், விதிப்படியான ‘தலை’ முன்னட்டையின் அடிப்பாகமாகிவிடும். இந்தக் குழப்பம் வேண்டாம், பின்னட்டையிலேயே வையுங்கள். ஸ்லிம் ஜிம் என்றால் நீள முதுகு அடியில் வரும்படி படுக்கவைத்து அனுப்புவது வழக்கம். அப்போது பின்னட்டையை வலப்புறமாக ஒரு கால் சுற்று திருப்பிப் பிடித்தால் முகவரி நேராகத் தெரிய வேண்டும்.

அந்தப் பாதிக்குள் சுமார் 4-க்கு 2 அங்குலம் வெள்ளையாக விடுங்கள். அதில் பெயர், முகவரி, இன்டெலிஜென்ட் மெயில் பார்கோடு மூன்றும் இங்க்ஜெட்டில் அடிப்பார்கள். அந்தப் பார்கோடு 65 கோடுகள் கொண்டது. கோடு மேலே நீள்வதா, கீழே நீள்வதா என்பதில்தான் எண் இருக்கிறது. லேசான மஞ்சளாகவே இருந்தாலும் அடியில் படமோ டின்ட்டோ கூடாது. முகவரியும் பார்கோடும் எந்த ஓரத்திலிருந்தும் எட்டில் ஒரு அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். நான் அரை அங்குலம் விடுவேன், வெட்டு கொஞ்சம் ஏறக்குறைய விழும். எழுத்து 8 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது.

வெள்ளையாக விட்டால் மட்டும் போதாது, வார்னிஷும் விடுபட வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. ஓர் அச்சகத்தில் அட்டை முழுக்கக் கோட்டிங் போட்டுவிட்டார்கள். முகவரி இடத்தில் வெள்ளை இருந்தது, ஆனால் அதன் மேலும் பளபளப்பு ஏறியிருந்தது. இங்க்ஜெட் மை தாளுக்குள் இறங்க வழியில்லை. கன்வேயரில் வந்த புத்தகத்தின் மேல் அடுத்த புத்தகம் விழுந்ததும் பெயர்கள் எல்லாம் ஈரக் கையால் தடவியது போல நீளமாக இழுபட்டன. விரலால் தொட்டேன், பார்கோடு முழுவதும் விரலோடு வந்துவிட்டது. கடைசியில் முகவரியை ஸ்டிக்கரில் அடித்து ஒட்ட வேண்டியதாயிற்று. நாலு நாள் தாமதம், கூடுதல் செலவு. அதனால் வார்னிஷைத் தனி ஸ்பாட் கலராக (மற்ற நிறங்களோடு கலக்காத தனி நிறமாக), தனி லேயராக வையுங்கள். முகவரிக் கட்டத்தை அதில் வெட்டி எடுங்கள். பிடிஎஃப்-ஐ அனுப்பும்போது “முகவரி இடத்தில் கோட்டிங் இல்லை” என்று மின்னஞ்சலிலும் எழுதுங்கள். இரண்டு தடவை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கட்டத்தின் வலது மேல் மூலையில் தபால் தலைக்குப் பதிலாக அனுமதிக் குறி வரும். இண்டீசியா என்பார்கள். எந்த ஊர்த் தபால் நிலையம், எந்த அனுமதி எண் என்பது அதில் இருக்கும். வாடிக்கையாளருடைய அனுமதி எண்ணா, தபால் சேர்க்கும் நிறுவனத்தின் எண்ணா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பிளேட் (அச்சுத் தகடு) எடுத்த பிறகு எண் மாறியதால் அட்டையை மறுபடி அச்சடித்த கதைகள் உண்டு. அனுப்புநர் முகவரியும் வையுங்கள். வீடு மாறிப்போனவர்களின் பிரதியைத் திருப்பி அனுப்பச் சொல்லும் வாசகம் ஏதாவது போட்டால் திரும்பி வரும் ஒவ்வொரு பிரதிக்கும் கட்டணம் வரும். எதுவும் போடாவிட்டால் சேராத பிரதியைத் தபால் துறை அழித்துவிடும். எது வேண்டும் என்பது வாடிக்கையாளர் முடிவு. நீங்கள் செய்ய வேண்டியது அதற்கு ஒரு வரி இடம் விடுவது. முகவரிப் பட்டியலை அவர்கள் அனுப்பும் நாளுக்கு முந்தைய 95 நாளுக்குள் இடம் மாறியவர் பதிவோடு ஒப்பிட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். அது உங்கள் வேலை இல்லை, ஆனாலும் ஒரு வரியில் ஞாபகப்படுத்துங்கள்.

விதைப் பொட்டலம் விஷயம். கேட்க அழகாக இருக்கிறது, அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபிளாட்டின் தடிமன் சீராக இருக்க வேண்டும், கால் அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்பது விதி. கீரை விதை, கேரட் விதை என்றால் தூள் மாதிரி படுத்துவிடும். பீன்ஸ், பூசணி என்றால் மேடு தட்டும், பொட்டலத்துக்குள் உருண்டு ஒரு மூலையில் சேரும். அதைவிட, முன்னட்டையின் வெளியே ஒட்டினால் இயந்திரத்தில் உரசிப் பிய்ந்து போகும். 22,000 பொட்டலம் கை ஒட்டுக்கூலி வேறு. அதற்குப் பதிலாக “இந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு ஆர்டர் செய்தால் ஒரு பொட்டலம் இலவசம்” என்று அட்டையிலேயே ஒரு குறியீட்டு எண் போடச் சொல்வேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பலாமா என்று அடுத்து கேட்பார்கள். அதற்கும் தனி விதிகள் உண்டு, எடையும் ஏறும். 48 பக்கம் தைத்த புத்தகத்துக்கு உறையே தேவையில்லை.

ஃபிளாட் மிகவும் துவண்டாலும் இயந்திரக் கட்டணம் கிடைக்காது. மேசை விளிம்புக்கு வெளியே 5 அங்குலம் நீட்டிவிட்டு எவ்வளவு தொங்குகிறது என்று பார்ப்பார்கள். மெல்லிய தாளில் பக்கம் குறைவாக இருக்கும் புத்தகத்துக்குத்தான் இந்தப் பயம். உங்கள் 48 பக்கம் பெரும்பாலும் தாங்கும். அதற்கும் எடைக்கும் சேர்த்து ஒரே பரிசோதனை போதும்: அச்சகத்திடம் அதே தாளில், அதே அளவில் வெட்டி, தைத்து, ஆர்டர் உறையும் வைத்த வெற்று டம்மி ஐந்து கேளுங்கள். பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். வாடிக்கையாளரையே அதில் ஒன்றைத் தபால் துறையின் மெயில்பீஸ் டிசைன் அனலிஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். பின்னட்டையின் பிடிஎஃப்-ஐயும் சேர்த்து அனுப்பினால் முகவரி இடத்தையும் பார்த்துவிடுவார்கள். இதை லேஅவுட் தொடங்கும் முன் செய்ய வேண்டும். முடித்த பிறகு செய்தால் அவர்கள் சொல்லும் திருத்தத்தைச் செய்ய மனசு வராது.

கட்டணப் பட்டியல் எங்கே என்று கேட்பீர்கள். எண்களை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அண்மைக் காலத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மாறுகிறது. அனுப்பும் மாதத்தில் எந்தப் பட்டியல் நடப்பில் இருக்கும் என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். சலுகைகளும் வந்து போகின்றன. 2024 அக்டோபர் 1 முதல் 2025 ஜூன் 30 வரை கேட்டலாக்குகளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி இருந்தது. இப்படிப்பட்ட சலுகை வரும்போது எது கேட்டலாக், எது வெறும் விளம்பரத் தாள் என்பதற்கு நிபந்தனை வைப்பார்கள். விலை, பொருள் விவரம், ஆர்டர் செய்யும் வழி மூன்றும் புத்தகத்துக்குள் தெளிவாக இருக்கும்படி அமைத்துவிட்டால் பிறகு திண்டாட வேண்டாம்.

அளவைக் குறைக்கச் சொன்னதில் வாடிக்கையாளர் மனம் வாடினால் ஒரு பழைய கதை இருக்கிறது. மான்ட்கோமரி வார்டு 1872-இல் சிகாகோவில் ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு தொடங்கியது. பின்னால் வந்த சியர்ஸ், தன் கேட்டலாக்கை வேண்டுமென்றே வார்டுடையதைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டியது என்று சொல்வார்கள். வீட்டுக்காரம்மா மேசையை ஒழுங்குபடுத்தும்போது பெரியதை அடியில் வைத்துச் சின்னதை மேலே வைப்பாராம்.

உங்கள் வாடிக்கையாளர் 8.25-க்கு 10.75-க்கு ஒப்புக்கொண்டால், அல்லது சதுரத்திலேயே பிடிவாதமாக நின்றால், எதுவானாலும் அச்சகம் சொல்லும் தாளின் பெயரோடும் பக்க எண்ணிக்கையோடும் திரும்ப எழுதுங்கள். சதுரம்தான் என்றால் 8.5-க்கு 8.5 அங்குலம், உள்ளே 60 பவுண்டு, அட்டைக்கு 80 பவுண்டு உள்தாள் என்று முயன்று பாருங்கள்: 102 கிராம் அளவில், 3.6 அவுன்ஸுக்கு நிற்கும். கோ-மெயிலில் எடுப்பார்களா என்பதை மட்டும் அச்சகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.